ஏழு நிமிடப் பாட்டு, இருபது நிமிடப் பக்கம்: ‘நொய்! 2’ உருவானதும் மறுபடி வந்ததும்

1972-இல் ஜெர்மனியில் ‘நொய்!’ என்ற இசைக்குழுவின் சிங்கிள் ஒன்று வந்தது, பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டு. ஒரு பக்கம் ‘ஸூப்பர்’, மறுபக்கம் ‘நொய்ஷ்னே’, அதாவது புதுப்பனி. இரண்டும் சேர்ந்தால் சுமார் ஏழேகால் நிமிடம். மறு ஆண்டு ‘நொய்! 2’ என்ற எல்பி, அதாவது முழு ஆல்பத் தட்டு, வெளியானபோது அதன் இரண்டாம் பக்கம் முழுக்க இந்தச் சிங்கிளைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தது. இரண்டு பாட்டும் முதலில் வந்த வடிவிலேயே அதில் இருந்தன. மீதி ஐந்து துண்டுகளும் பழைய பதிவைத் தட்டு சுழலும் வேகத்தை மாற்றியும், கேசட்டில் நசுக்கியும், தட்டை அச்சு விலக்கியும் எடுத்தவை. சிடி பட்டியலில் உள்ள நேரங்களைக் கூட்டினால் அந்தப் பக்கம் 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது. அதில் 13 நிமிடம் சிதைத்துச் செய்தது.

காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர் ஏமாற்றப்பட்டதாகவே நினைத்தார்கள். பின்னால் வந்த தலைமுறை இதையே ரீமிக்ஸின் முன்னோடி என்றது. இரண்டு தீர்ப்பிலும் அவசரம் இருக்கிறது. அந்த ஐந்து துண்டுகளில் என்ன நடந்தது என்று ஊசி முனையிலிருந்து பார்த்தால்தான் 2001-இல் வந்த சிடி மறுவெளியீடு ஏன் சிக்கலான வேலை என்பது புரியும். பிழையே சரக்கு என்று வந்துவிட்ட இசையை ‘சுத்தம்’ செய்வது எப்படி?

இரண்டு பேர், ஒரு ஒலிப்பதிவாளர்

டிரம்ஸ் வாசித்த கிளவுஸ் டிங்கரும் கிட்டார் வாசித்த மிஹாயெல் ரோட்டரும் டுசெல்டார்ஃப் நகரத்தவர்கள். இருவரும் கிராஃப்ட்வெர்க் என்ற இசைக்குழுவில் சில காலம் இருந்து, 1971-இல் விலகி ‘நொய்!’ என்ற இரட்டையர் குழுவைத் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்குப் ‘புதுசு!’ என்று பொருள். சோப்புத்தூள் விளம்பரத்தில் வருமே, அந்தப் ‘புதுசு!’ முதல் ஆல்பத்தை 1971 டிசம்பரில் ஹாம்பர்க்கின் விண்ட்ரோஸ்-டூமோன்-டைம் ஸ்டுடியோவில் நான்கே இரவுகளில் முடித்தார்கள். ஒலிப்பதிவாளர் கோன்னி பிளாங்க். இருவரில் ஒருவர் கரடுமுரடு, மற்றவர் இழைவு. எதிரெதிர் இயல்புள்ள இந்த இருவரையும் ஒரே டேப்பில் உட்கார வைத்தது பிளாங்க்கின் காதுதான். வெளியிட்டது பிரெய்ன், மெட்ரோனோம் நிறுவனத்தின் புதுக் கிளை.

‘நொய்! 2’-க்கு 1973 தொடக்கத்தில் அதே பிளாங்க்குடன் உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தின் முதல் பாட்டு ‘ஃபியூர் இம்மர்’, என்றென்றும் என்று பொருள், 11 நிமிடத்துக்குமேல் ஓடும். டிரம்ஸில் நாலு நடை, இரண்டிலும் நாலிலும் ஸ்னேர் என்ற கூர்மையான டிரம், எட்டாய்ப் பிரித்த ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு. இந்த அடியை இசை பற்றி எழுதுகிறவர்கள் ‘மோட்டாரிக்’ என்றார்கள். டிங்கருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, அவர் ‘நீண்ட நேர்கோடு’ என்றே சொல்லி வந்தார். அந்தக் கோட்டின்மேல் ரோட்டரின் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். நேராக ஒன்று, பின்னோக்கி ஓடவிட்டது ஒன்று, உடைத்த ஒலியில் ஒன்று. இப்படி அடுக்குவதற்கு நேரம் பிடிக்கும். ஸ்டுடியோவில் நேரம் என்றால் பணம். அதை அடுத்து வரும் ‘ஷ்பிட்சென்குவாலிட்டேட்’ டிரம்ஸை மட்டும் எடுத்து வேகத்தைச் சரியவிடுகிறது. ‘கெடென்க்மினூட்டெ’ காற்றும் மணியோசையும் கொண்ட இரண்டு நிமிட அஞ்சலி. ‘லீலா எங்கல்’ டிங்கரின் கத்தலோடு இடிக்கும். முதல் பக்கம் நிறைந்தபோது பணமும் தீர்ந்திருந்தது.

இரண்டாம் பக்கத்துக்குக் கையில் மிஞ்சியது அந்தச் சிங்கிள்தான். நிறுவனம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்ற கசப்பும் டிங்கரிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் பாப்-ஆர்ட் செயலாகவே பேசினார். ரோட்டரோ வேறு வழியில்லாமல் செய்தது என்பதை மறைத்ததில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். முடையில் பிறந்த யோசனை மோசமாக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்

நிமிடத்துக்கு 45 சுற்றுக்கு வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் வேகம் 1.733 மடங்கு. சுருதி ஒன்பதரை அரைச்சுரம் (ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு) ஏறும், அதாவது ஒரு முழு ஸ்தாயிக்கு இரண்டரை அரைச்சுரம் குறைவு. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டு 208 அடிக்குப் போய்விடும். அதையே 16⅔-இல் ஓட்டினால் வேகம் 0.37 மடங்கு. சுருதி 17 அரைச்சுரத்துக்குச் சற்று மேலாகவே இறங்கும், ஒரு ஸ்தாயியும் அதற்குக் கீழே ஐந்து அரைச்சுரமும். அதே 120 அடி 44-க்கு வந்து நிற்கும். ‘நொய்ஷ்னே 78’, ‘ஸூப்பர் 78’, ‘ஸூப்பர் 16’ என்று எண்கள் பாட்டின் பெயரோடு ஒட்டியது இதனால்தான். அந்தக் காலத்து வீட்டு ரெக்கார்ட் பிளேயர்கள் பலவற்றில் 16, 33, 45, 78 என நாலு வேகமும் ஒரே குமிழில் இருந்தன. 16 என்பது பேச்சுத் தட்டுகளுக்கானது.

சுருதியும் வேகமும் மாறுவது வெளியே தெரியும். ஒலியின் நிறம் மாறுவதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. தட்டு வெட்டும்போது கீழ்ச்சுரங்களைக் குறைத்து மேல்சுரங்களைத் தூக்கி வெட்டுவார்கள். கேட்கும்போது ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிப் போடும். ஆர்ஐஏஏ வளைவு எனப்படும் இதன் திருப்பங்கள் சுமார் 50, 500, 2122 ஹெர்ட்ஸ் ஆகிய புள்ளிகளில் அசையாமல் நிற்பவை. தட்டின் வேகத்தை மாற்றினால் பள்ளத்தில் இருக்கும் வளைவு இடம் பெயரும், ஆம்ப்ளிஃபையரில் இருப்பது பெயராது. கூடவே, ஊசியைத் தாங்கும் காந்தக் கார்ட்ரிட்ஜ், ஊசி அசையும் வேகத்துக்கேற்பவே மின்னழுத்தம் தரும். 78-க்கு ஏற்றினால் 4.8 டெசிபெல் கூடும், 16-க்கு இறக்கினால் 8.6 டெசிபெல் குறையும்.

இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 78-இல் ஓடும்போது நடுச்சுரங்கள் மற்றவற்றைவிட இரண்டு, மூன்று டெசிபெல் தூக்கி நிற்கும். மூக்கால் பேசுகிற, பொம்மை ரேடியோ போன்ற அந்த ஒலி வருவது இதனால்தான். சுருதி ஏறியது மட்டும் காரணமில்லை. 16-இல் நேர்மாறாக நடு குழிந்து, அடியும் ஓரமும் மிஞ்சும். ‘ஸூப்பர் 16’ பெரிய கிடங்குக்குள் நடப்பதுபோல் கேட்பதற்கு இதிலும் ஒரு பங்கு உண்டு.

அடுத்தது ஊசியின் பாடு. ஒரே பள்ளத்தை 1.733 மடங்கு வேகத்தில் கடந்தால் ஊசி தாங்கவேண்டிய முடுக்கம் அதன் இருபடி, ஏறக்குறைய 3 மடங்கு. சிம்பல், கத்தல், ‘ஸ்’ ஒலி வரும் இடங்களில் ஊசி பள்ளத்தின் சுவரை விட்டுவிடும். அங்கே வரும் கரகரப்பு கிட்டார் பெடலின் உடைசல் இல்லை, ஊசி தடுமாறும் சத்தம். இதில் ஒரு பொறியும் உண்டு. பழைய பிளேயர்களில் 78-க்குத் திருப்பும்போது ஊசியையும் புரட்டும் வழக்கம் இருந்தது. பழைய 78 சுற்று ஷெல்லாக் தட்டுக்கான ஊசி முனை சுமார் 65 மைக்ரான், வினைல் பள்ளத்துக்கானது 18 முதல் 25 மைக்ரான். வேகத்தை மட்டும் மாற்றவேண்டும், முனையைப் புரட்டக் கூடாது. புரட்டினால் தட்டு ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

16-இல் ஊசிக்கு வேலை லேசு, ஆனால் சிக்னல் மெலியும். 8.6 டெசிபெல் இழந்ததை ஈடுகட்டச் சத்தத்தை ஏற்றினால் மோட்டாரின் உறுமலும் மின்சார ஹம்மும் சேர்ந்து ஏறும். மூலத்தில் 15,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி 5,600-க்கு இறங்கிவிடுவதால் மேலே வெறும் வெளி. கீழே 60 ஹெர்ட்ஸ் கிக் டிரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், 22-க்குப் போய்ப் பெரும்பாலான ஸ்பீக்கரில் காணாமல் போகும். 200 ஹெர்ட்ஸ் ஸ்னேர் 74-க்கு வந்து கிக் டிரம்மின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ‘ஸூப்பர் 16’-இல் அசுரன் நடப்பதுபோல் கேட்கும் அந்த அடி எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்தக் கணக்கு நல்ல வழிகாட்டி. 1976-இல் வந்த ஒரு குங்ஃபூ படம் அதை அப்படியே வில்லனின் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

நேரக் கணக்கும் பேசும். ‘ஸூப்பர்’ சுமார் 3:08. அதை 78-இல் ஓட்டினால் 1:48 வரவேண்டும், ஆல்பத்தில் இருப்பதோ 1:36 அளவு. 16-இல் முழுதாக ஓட்டினால் எட்டரை நிமிடம் ஆகும், ஆல்பத்தில் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். ‘நொய்ஷ்னே 78’ மட்டும் கணக்குக்கு எட்டு, பத்து விநாடி அதிகமாகவே ஓடுகிறது. ஆக, தட்டைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு எடுத்த நகல்கள் அல்ல இவை. எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது, எங்கே ஊசியைத் தூக்குவது என்பதில் எல்லாம் கை புகுந்திருக்கிறது.

அச்சு விலகலை ‘ஹல்லோ எக்ஸென்ட்ரிகோ!’ பெயரிலேயே சொல்லிவிடுகிறது. தட்டின் மையம் சுழலும் அச்சிலிருந்து விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். அளவு எளிது: விலகலை ஊசி நிற்கும் ஆரத்தால் வகுக்கவேண்டும். 75 மில்லிமீட்டர் ஆரத்தில் 1 மில்லிமீட்டர் விலகல் 1.3 சதவீதம், கால் அரைச்சுரத்துக்கும் குறைவு. பியானோவில் தெரியும், டிரம்ஸில் தெரியாது. 3 மில்லிமீட்டர் என்றால் 4 சதவீதம், முக்கால் அரைச்சுரத்தை நெருங்கும், யாருக்கும் தலை சுற்றும். உள்வட்டத்துக்குப் போகப் போக அதே விலகல் இன்னும் ஆட்டும். 38 மில்லிமீட்டர் துளையுள்ள சிங்கிளை நடுவட்டில்லாமல் 7 மில்லிமீட்டர் அச்சில் போட்டால் 15 மில்லிமீட்டர் வரை தள்ளி வைக்கலாம். அந்த எல்லைக்குப் போனால் ஊசியைத் தாங்கும் கையான டோன்-ஆர்ம் ஊஞ்சலாடும், ஊசி தாவும்.

‘காசெட்டோ’ ஐந்தில் பலவீனமானது. கேசட் இயந்திரம் டேப்பைத் தின்னும் ஒலிக்கு இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்கும் சரக்கு இல்லை.

ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தின் வரிசையில் ‘நொய்ஷ்னே 78’ முதலில், ‘ஸூப்பர் 16’ இரண்டாவது, அதன் பிறகே மூல ‘நொய்ஷ்னே’. மூல ‘ஸூப்பர்’ கடைசியில். சிங்கிளை வாங்காதவர் சிதைந்ததை முதலில் கேட்டு, அசலை விடைபோலப் பிறகு கேட்கிறார். வெறுமனே இடம் நிரப்புகிறவர்கள் இப்படி அடுக்குவதில்லை.

வீட்டில் செய்து பார்க்க

இன்றைய பெல்ட் டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் 33-உம் 45-உம் மட்டுமே. கணினியில் செய்யலாம். 45-இல் எடுத்த 44,100 ஹெர்ட்ஸ் கோப்பின் மாதிரி விகித முத்திரையை (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற குறிப்பை), ஒலியைக் கணக்கிட்டு மாற்றாமல், 76,440 என்று மட்டும் திருத்தினால் 78 கிடைக்கும். 16,333 என்று திருத்தினால் 16⅔. டைம்-ஸ்ட்ரெச் கருவியைத் தொடக் கூடாது, அது சுருதியைக் காப்பாற்றிவிடும், காரியம் கெட்டுவிடும். ஆனாலும் இப்படிச் செய்ததில் அந்த மூக்கொலி வராது, ஏனென்றால் ஆர்ஐஏஏ இடப்பெயர்ச்சி இங்கே நடக்கவில்லை. 78 வடிவில் 1,000–1,500 ஹெர்ட்ஸ் சுற்றி 2 முதல் 3 டெசிபெல் அகலமாகத் தூக்கினாலும், 16 வடிவில் 500–600 சுற்றி 3 டெசிபெல் போலக் குழித்தாலும் பக்கத்தில் வரும். ஊசி தடுமாறும் கரகரப்புக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது, தட்டில்தான் ஓட்டவேண்டும்.

காணாமல் போன இருபது ஆண்டுகள்

இருவரும் 1975-இல் மூன்றாவது ஆல்பத்தை முடித்துவிட்டுப் பிரிந்தார்கள். சிடி காலம் வந்தபோது மூன்று ஆல்பங்களுக்கும் முறையான சிடி வரவில்லை. வெளியீட்டுக்கு இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும், இருவரும் எதிலும் ஒத்துப்போகவில்லை. 1985–86-இல் பதிந்து பாதியில் விட்டதை 1995-இல் டிங்கர் ஜப்பானின் கேப்டன் ட்ரிப் நிறுவனம் வழியாக ‘நொய்! 4’ என்று ரோட்டரின் சம்மதமில்லாமல் வெளியிட்டது புண்ணில் உப்பு. இந்த இடைவெளியில் ஜெர்மனோஃபோன் என்ற பெயரில் திருட்டு சிடிகள் கடைகளை நிரப்பின. வினைல் தட்டிலிருந்து எடுத்த நகல்கள் அவை. தொண்ணூறுகளில் நொய்!-ஐப் புகழ்ந்து பேசியவர்களில் பெரும்பாலோர் கேட்டது இந்த நகல்களைத்தான்.

முடிச்சை அவிழ்த்தவர் ஜெர்மனியின் பெரும் பாடகர் ஹெர்பெர்ட் க்ரோனெமையர். தன்னுடைய க்ரோன்லாண்ட் நிறுவனத்துக்காக இருவரையும் பேச்சுக்குக் கொண்டுவந்தார். 2001-இல் மூன்று ஆல்பங்களும் ஐரோப்பாவில் க்ரோன்லாண்டிலும் அமெரிக்காவில் ஆஸ்ட்ரல்வெர்க்ஸிலும் முதல்முறையாக முறைப்படி சிடியாக வந்தன. ஒலிப்பதிவாளர் பிளாங்க் 1987-இலேயே இறந்துவிட்டார். ‘அன்று இது இப்படித்தான் இருந்ததா’ என்று கேட்க அவர் இல்லை.

எந்தச் சொடுக்கு யாருடையது

இப்படிப்பட்ட பக்கத்தை ரீமாஸ்டர் செய்கிறவர், அதாவது மறுவெளியீட்டுக்காக ஒலியைச் செப்பனிடுகிறவர், முதலில் செய்யவேண்டியது எண்ணுவது. தட்டில் ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை சொடுக்கும். அந்த இடைவெளி வேகத்தைக் காட்டிக்கொடுக்கும்: 33⅓-இல் 1.8 விநாடி, 45-இல் 1.33, 78-இல் 0.77, 16⅔-இல் 3.6. ‘நொய்ஷ்னே 78’-இல் 0.77 விநாடிக்கு ஒருமுறை வரும் சத்தம் 1973-இல் சுழன்ற சிங்கிளுக்குச் சொந்தம், அது படைப்பின் உறுப்பு. அதே இடத்தில் 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது எல்பி-யிலிருந்து பிரதி எடுத்தவரின் தட்டு, அது குப்பை. சொடுக்கின் வடிவமும் மாறும். 45-இல் 1 மில்லிவிநாடி நீளும் சொடுக்கு 16⅔-இல் 2.7 மில்லிவிநாடியாகி, ‘டிக்’ என்று கேட்காமல் ‘தப்’ என்று கேட்கும். சொடுக்குகளை நீக்கும் தானியங்கி டி-கிளிக் மென்பொருளுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. கூரானதை எல்லாம் சொறிந்து எடுக்கும், மழுங்கியதை டிரம் என்று விட்டுவிடும். இரண்டாம் பக்கத்தில் அதைப் போடவே கூடாது.

இரைச்சலும் அப்படித்தான். ‘நொய்ஷ்னே’ மூல டேப்பிலிருந்து வருகிறது. ‘நொய்ஷ்னே 78’-இன் பாதை நீளம்: மூல டேப், லாக்கர் (பள்ளம் வெட்டும் மூலத் தட்டு), அச்சான சிங்கிள், ஊசி, மறுபடி டேப். அதனால் துண்டுக்குத் துண்டு பின்னணி இரைச்சல் ஏறி இறங்குவது இயல்பு. பக்கம் முழுக்க இரைச்சலை ஒரே மட்டத்துக்குச் சீவினால் மூலத்துக்கும் சிதைவுக்கும் உள்ள தூரம் அழிந்துவிடும். பக்கத்தின் கதையே அந்தத் தூரம்தான்.

திருத்தவேண்டிய இடங்களும் உண்டு. எல்பி-யில் ‘ஸூப்பர்’ கடைசிப் பாட்டு, உள்வட்டத்தில் உட்கார்ந்திருந்தது. 33⅓-இல் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 51 சென்டிமீட்டர், 62 மில்லிமீட்டர் ஆரத்தில் அது 22-க்குக் கீழே. சிங்கிளில் 45-இல் அதே பாட்டு 40-இல் தொடங்கும். ஆகவே எல்பி-யில் அசல் ‘ஸூப்பர்’ சிங்கிளைவிட மங்கலாகவே கேட்டிருக்கும். சிடியில் இந்தத் தண்டனை இல்லை. சிதைவுகளுக்குப் பின் கடைசியில் வரும் அசலுக்கு முழு வெளிச்சமும் கிடைப்பது சிடியில்தான், இதற்கு நன்றி சொல்லலாம். ‘ஸூப்பர் 16’-இன் அடிச்சுரங்கள் ஹெட்ரூமை, அதாவது ஒலி உடையாமல் ஏற மிச்சமுள்ள இடத்தை, தின்பவை. ஆல்பம் முழுக்க, உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டரை ஒரே அழுத்தத்தில் வைத்தால் அந்தத் துண்டில் மட்டும் மூச்சுத் திணறல் கேட்கும். துண்டு துண்டாகவே அமைக்கவேண்டும்.

டிங்கர் 2008 மார்ச்சில் காலமானார். 2010-இல் வந்த வினைல் பெட்டியில் மூன்று ஆல்பங்களோடு, சண்டைக்குக் காரணமாக இருந்த எண்பதுகளின் பதிவுகளை ரோட்டர் திருத்தி ‘நொய்! ’86’ என்று சேர்த்தார். 2022-இல் ஐம்பதாண்டு நிறைவுப் பெட்டி வந்தது, தி நேஷனல், மொக்வாய், ஐடில்ஸ் போன்ற இசைக்குழுக்களின் அஞ்சலித் தொகுப்போடு.

பழைய சிடி ஒன்று கைக்கு வந்தால் சோதிக்க ‘ஃபியூர் இம்மர்’ போதும். அது டேப்பில் பிறந்த பாட்டு, அதில் சுற்றுக் கணக்கில் எந்தச் சொடுக்கும் இருக்கக் கூடாது. ஹெட்ஃபோனில் முதல் அரை நிமிடத்தைக் கேட்டு, 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏதாவது தட்டுகிறதா என்று எண்ணவேண்டும். தட்டினால் கையில் இருப்பது யாரோ ஒருவருடைய எல்பி-யின் நகல்.